யார் கணக்கில் எழுதுவது?

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பேச்சு, திரைப்படங்களைத் தகடுகளாக வாங்கிச் சேர்ப்பவர்கள் பக்கம் திரும்பியது. "அது ஒரு நடுத்தர வர்க்க நோய். பணக்காரன் நிலம் வாங்குகிறான், இவர்கள் பிளாஸ்டிக் வாங்குகிறார்கள். இதற்கெல்லாம் எங்கிருந்துதான் காசு வருகிறதோ" என்றார் கவிஞர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சேகரிப்பாளர் என்று எங்கள் வட்டத்தில் அறியப்பட்ட இன்னொரு நண்பர் முகம் சிவந்துபோய்ப் பதில் சொன்னார். எனக்குச் சிகரெட் கிடையாது, குடி கிடையாது. இது செலவல்ல, முதலீடு. எங்களைப் போன்றவர்கள் இல்லையென்றால் உலக சினிமாவில் பாதி அழிந்துபோயிருக்கும். ஒரே மூச்சில் சொன்ன மூன்று பதில்கள். கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். நானும் வாய் திறக்கவில்லை. என் வீட்டிலும் 1,100க்குச் சற்று அதிகமான தகடுகள் இருக்கின்றன என்பதும், இதே மூன்று பதில்களை இருபதாண்டுகளாக நானும் சொல்லி வந்திருக்கிறேன் என்பதும்தான் காரணம்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அலமாரியின் முன் நின்று யோசித்தபோது, கவிஞரின் ஏளனமும் நண்பரின் பெருமிதமும் ஒரே தவறைச் செய்கின்றன என்று பட்டது. எங்கிருந்து காசு என்ற கேள்வியை ஒருவர் கேலியாகக் கேட்டார், மற்றவர் கேலியாகவே எடுத்துக்கொண்டார். உண்மையில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்கத்தக்க ஒரே கேள்வி அதுதான். இக்கட்டுரை அவ்விருவருக்கும் எதிரானது. என் பழைய வாதங்களுக்கும் எதிரானது என்று சேர்த்துக்கொள்ளலாம்.

*

முதல் பதிலிலிருந்து தொடங்குவோம். 'எனக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை.'

இது சிக்கனத்தின் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. சேகரிப்பாளன் ஊதாரி என்று நினைப்பவர்கள் அவனைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அவனைப் போன்ற கஞ்சனைக் காண்பது அரிது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைகளில் கொண்டுவந்து கொட்டியபோது, பலசரக்குக் கடை வாசலில் தொங்கிய தகடுகளிலிருந்து பழைய தமிழ்ப் படங்களைப் பொறுக்கியெடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்கும் முன்னால், உலக சினிமா என்றாலே பர்மா பஜார்தான் என்றிருந்த காலத்தில், கள்ளப் பிரதிகளைப் பேரம் பேசி வாங்கியவனும் நானேதான். அதை இன்று பெருமையாகச் சொல்லவில்லை. மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும் என்பதால் சொல்கிறேன்.

அசலான தகடுகள் வேறோர் உலகம். 1984இல் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' ஆகிய படங்களை லேசர் தகடுகளாக வெளியிட்டுத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் கிரைட்டீரியன். அதன் ப்ளூ-ரே ஒன்றின் அச்சிட்ட விலை பெரும்பாலும் 39.95 டாலர். நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். இந்த விலையில் யாரும் வாங்குவதில்லை. அங்கே ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் நவம்பரிலும், ஒரு புத்தகக் கடைத் தொடர் பாதி விலைக்குத் தரும் வழக்கம் உண்டு. விவசாயி மழையை எதிர்பார்ப்பதுபோல் அந்த இரண்டு மாதங்களை எதிர்பார்த்திருப்பார்கள் சேகரிப்பாளர்கள். வாங்கியதை அஞ்சலில் வரவழைத்தால் சுங்கவரி. ஆகவே விடுமுறைக்கு ஊர் திரும்பும் மைத்துனர், அலுவலகப் பயணம் போய்வரும் சக ஊழியர், மகள் பிரசவத்துக்குப் போன பக்கத்து வீட்டு மாமி என்று யாருடைய பெட்டியிலாவது நான்கு தகடுகளுக்கு இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டும். வந்து சேர்ந்ததும் இன்னொரு வம்பு. உலகைப் பிராந்தியங்களாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். டிவிடிக்கு இந்தியா ஐந்தாம் பிராந்தியம், ப்ளூ-ரேக்கு 'சி' பிராந்தியம். அமெரிக்கத் தகடு பெரும்பாலும் 'ஏ'. இங்கே வாங்கிய கருவி அதைத் தொட மறுக்கும். எல்லாப் பிராந்தியங்களையும் படிக்கும் கருவிக்குத் தனிச் செலவு.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் சேகரிப்பு வளர்கிறதென்றால் அதற்கு வழிகள் இருக்கின்றன. இரண்டாம் கை, பண்டமாற்று, கூட்டாக வாங்குதல், புதிய பதிப்பு வந்ததும் பழையதை விற்றல் ஆகியவை அவற்றில் சில. இவை எதுவும் புதியதல்ல. வீடியோ நாடா வருவதற்கு முந்திய அமெரிக்காவில் 16 எம்எம், 35 எம்எம் சுருள்களைச் சேர்த்தவர்களும் பெரும்பாலும் மாற்றிக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். படநிறுவனங்கள் சுருளை வாடகைக்கு விட்டனவேயன்றி விற்றதில்லை. அழிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட பிரதிகளும் தொலைக்காட்சி நிலையங்கள் கழித்துப்போட்டவையும் பின்வாசல் வழியாகச் சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன. 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவலின் வீட்டில் எஃப்பிஐ நுழைந்து 160 படச்சுருள்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளிநாடாக்களையும் அள்ளிச் சென்றது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை என்றாலும், சேகரிப்பாளர்கள் பலர் அதன்பின் தங்கள் பொக்கிஷத்தைப் பற்றி வெளியே பேசவே அஞ்சினார்கள்.

ஆக, சிக்கனம் உண்மைதான். ஆனால் சிக்கனம் ஒவ்வொரு தகட்டின் விலையைக் குறைக்கிறதே தவிர மொத்தச் செலவைக் குறைப்பதில்லை. பாதி விலைக்குக் கிடைத்தது என்று இரண்டு மடங்கு வாங்குகிறவனைச் சிக்கனக்காரன் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளமாட்டார். சிகரெட் பிடிக்காததால் மிஞ்சிய பணம் என்பதும் ஒரு கற்பனைக் கணக்கு. பிடிக்காத சிகரெட்டைக் காட்டி எவ்வளவு வேண்டுமானாலும் செலவு எழுதலாம்.

வாங்கிய விலை முதல் தவணை மட்டுமே என்பதையும் யாரும் சொல்வதில்லை. அலமாரிக்கு இடம் வேண்டும். சென்னையில் வாடகை வீட்டில் ஒரு சுவர் என்பது மாதாமாதம் கொடுக்கும் பணம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் தகட்டின் மேல் பூஞ்சை படரும். நான் இதுவரை மூன்று முறை வீடு மாறியிருக்கிறேன். மூன்று முறையும் சமையல் பாத்திரங்களைவிட அதிகமான பெட்டிகளில் சினிமா போயிருக்கிறது.

*

இரண்டாவது பதில் முதலீடு. மூன்றில் மிகப் பொய்யானது இதுதான்.

இந்த வாதத்துக்கு ஆதாரமாகச் சில கதைகள் சேகரிப்பாளர்களிடையே வலம்வரும். பசோலினியின் 'சாலோ' படத்தை 1998இல் கிரைட்டீரியன் டிவிடியாக வெளியிட்டு, உரிமைச் சிக்கலால் விரைவிலேயே நிறுத்திக்கொண்டது. அடுத்த பத்தாண்டுகளில் அந்தத் தகடு நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறியது. அதைப் போலப் போலிகள் அச்சிடப்பட்டன. போலியை அசலிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று ஆராய்ச்சியே நடந்தது. 2008இல் அதே நிறுவனம் அதே படத்தைச் சிறந்த பிரதியுடன், வழக்கமான விலையில் மீண்டும் வெளியிட்டது. அதன்பின் படம் பார்க்க விரும்புகிற எவனுக்கும் பழைய தகடு தேவைப்படவில்லை. 2010 வாக்கில் ஸ்டூடியோ கனால் நிறுவனத்தின் படங்கள் கிரைட்டீரியன் கையை விட்டுப் போனபோதும் இதே நாடகம் நடந்தது. 'தி தேர்ட் மேன்' தகட்டின் விலை ஏறியது. வேறு நிறுவனங்கள் அந்தப் படத்தை வெளியிடத்தான் செய்தன.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? தட்டுப்பாடு உள்ளவரைதான் அந்த விலை. படத்தை மற்றவர்கள் பார்க்க முடியாதிருப்பதில்தான் முதலீட்டாளரின் லாபம் இருக்கிறது. சினிமாவை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அது நல்ல பிரதியாக மறுபடி வெளிவந்துவிடக் கூடாதே என்று உள்ளூரப் பதறுகிற ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் ஒருமுறை, மறுபதிப்பு அறிவிப்பைப் படித்துவிட்டு, மகிழ்வதற்கு முன் ஒரு கணம் துணுக்குற்றவன்தான்.

பொருளாதாரமாகப் பார்த்தாலும் இது கரையும் சொத்து. விஎச்எஸ் நாடாக்களை இன்று எடைக்குப் போட்டாலும் வாங்க ஆளில்லை. லேசர் தகடுகள் பல உள்ளேயே அரித்துப்போயின. 2006க்கும் 2008க்கும் இடையில் தயாரான தன் டிவிடிகளில் சில படிக்க முடியாமல் கெட்டுப்போவதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. படச்சுருளோ வினிகர் வாடையடித்துச் சுருங்கும். 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற மோசர் பேயரைக் கலைக்கச் சொல்லி 2018இல் உத்தரவாகிவிட்டது. தங்கத்தில் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் தைரியம் எந்தச் சேகரிப்பாளனுக்கும் இருந்ததில்லை. முதலீடு என்ற சொல் வீட்டிலிருப்பவர்களிடம் சொல்வதற்காக உண்டாக்கப்பட்டது. அதை நாமே நம்பத் தொடங்குவதுதான் பரிதாபம்.

*

மூன்றாவது பதில் கனமானது. 'நாங்கள் இல்லையென்றால் சினிமா அழிந்துபோயிருக்கும்.'

இதை ஏளனம் செய்ய என்னால் முடியாது. கவிஞர் செய்ததை மன்னிக்கவும் முடியாது. படமெடுத்தவர்கள் தங்கள் படங்களைக் காப்பாற்றியதாக வரலாறு இல்லை. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) இன்று இல்லை. அதே ஆண்டில் வந்த, தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' இல்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' ஊமைப்படத்தில் ஓரடி கூட மிஞ்சவில்லை. நைட்ரேட் சுருள்கள் தீப்பிடித்து எரிந்தன என்பது கதையின் ஒரு பாதி. மறுபாதி, அவற்றிலிருந்த வெள்ளியை எடுப்பதற்காகப் பழைய இரும்புக்காரர்களிடம் எடைக்குப் போடப்பட்டன என்பது. ஓடி முடிந்த படம் தயாரிப்பாளருக்குக் குப்பை. 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்து பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் திரட்டத் தொடங்கியபோது, ஊமைப்படக் காலத்தின் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. காளிதாஸைப் பற்றி இன்று நாம் கொஞ்சமாவது பேச முடிகிறதென்றால் அது பத்திரிகை விளம்பரங்களாலும் பாட்டுப் புத்தகங்களாலும்தான். கோட்டையூரில் இருந்துகொண்டு, பிறர் தூக்கியெறிந்த நாடக நோட்டீஸ்களையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நூல்களோடு நூல்களாகப் பத்திரப்படுத்திய ரோஜா முத்தையா செட்டியாரும், புகைப்படங்களையும் தகவல்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் எந்தப் படநிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இருந்துகொண்டு அதைச் செய்யவில்லை.

வெளிநாட்டு உதாரணங்கள் இன்னும் துலக்கமானவை. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய பகுதி தொலைந்தே போய்விட்டது என்று உலகம் எண்பதாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தது. வெட்டுப்படாத பிரதி ஒன்றை அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் 1928இலேயே புவெனஸ் அயர்ஸுக்கு வாங்கிச் சென்றிருந்தார். அது பின்னர் மனுவேல் பெனியா ரோத்ரிகெஸ் என்ற விமர்சகரின் சொந்தச் சேகரிப்புக்கு வந்தது. 1960களில் அவருடைய சேகரிப்பு அரசின் கலை நிதியத்துக்குப் போய், 16 எம்எம்முக்கு நகலெடுக்கப்பட்டு, கடைசியில் அந்நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 2008இல் அது கண்டெடுக்கப்பட்டு, தொலைந்ததாகக் கருதிய சுமார் 25 நிமிடக் காட்சிகள் திரும்பக் கிடைத்தன. 2010 பிப்ரவரியில் பெர்லினில் மீட்கப்பட்ட படம் திரையிடப்பட்டது.

இந்தக் கதையை நம் நண்பர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பார்த்தீர்களா, ஒரு தனிமனிதரின் சேகரிப்பு காப்பாற்றியது! ஆனால் அது எப்படிக் கண்டெடுக்கப்பட்டது என்பதைச் சொல்லமாட்டார்கள். எனக்கு முக்கியமானது அந்தப் பகுதிதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில் அந்தப் பிரதியைத் திரையிட்டவர் ஒருவர், சுருள் வளைந்திருந்ததால் அது நழுவாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் படக்கருவியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று எப்போதோ அலுத்துக்கொண்டார். அதைக் கேட்ட ஃபெர்னாண்டோ மார்டின் பெனியா என்ற வரலாற்றாளருக்குப் பொறி தட்டியது. உலகுக்குத் தெரிந்த மெட்ரோபோலிஸ் அவ்வளவு நேரம் ஓடாதே! அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டு, அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்த பவுலா ஃபெலிக்ஸ்-டிதியேருடன் சேர்ந்து பெட்டியைத் திறந்தார். நகல் பெட்டியிலிருந்தது என்னவோ உண்மை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று சொல்லியது ஒரு திரையிடலின் ஞாபகம், வலித்த ஒரு விரலின் ஞாபகம். யாருக்கும் காட்டப்படாமல் அலமாரியில் மட்டுமே இருந்திருந்தால் அந்தப் பிரதி இன்றும் தொலைந்த பிரதிதான்.

காப்பாற்றியவர்கள் என்று நாம் பெயர் சொல்லிப் போற்றுகிற எல்லோரிடமும் இந்தப் பொது அம்சத்தைக் காண்கிறேன். 1936இல் பிரெஞ்சு சினிமாதெக்கை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்ரி லாங்லுவா குளியல் தொட்டியில்கூடச் சுருள்களை வைத்திருந்தார் என்பார்கள். ஆனால் அவர் சினிமா வரலாற்றில் இடம்பெறுவது குளியல் தொட்டிக்காக அல்ல, அன்றாடம் படம் காட்டியதற்காக. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம் பிற்பாடு புதிய அலை ஆனார்கள். பள்ளிச் சிறுவனாக 9.5 எம்எம் துண்டுகளில் ஆபெல் கான்ஸின் 'நெப்போலியன்' படத்தைக் கண்டெடுத்த கெவின் பிரௌன்லோ அவற்றைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. மிச்சத்தைத் தேடித் தேடி ஒட்டி, 1980இல் இலண்டனில் இசைக்குழுவோடு ஆயிரக்கணக்கானோர் பார்க்கச் செய்தார். நியூயார்க்கின் வில்லியம் எவர்சன் தன் சேகரிப்பை வைத்து வகுப்பெடுத்தார், சங்கம் நடத்தினார், கேட்டவர்களுக்குக் கொடுத்தார். இவர்களுடைய பெயரைச் சொல்லித் தன் கடனட்டையை நியாயப்படுத்துகிற சேகரிப்பாளன், தன் அலமாரியைத் தன் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லட்டும். முதுகுப் பக்கத்தைப் புகைப்படமெடுத்துப் போட்டதில் பார்த்தவர்களைச் சேர்க்காமல்.

*

இப்போது என் கணக்கு.

2018 நவம்பரில் இங்மார் பெர்க்மனின் நூற்றாண்டை ஒட்டி, அவருடைய 39 படங்களை ஒரே பெட்டியாகக் கிரைட்டீரியன் வெளியிட்டது. விலை 299.95 டாலர். அன்றைய மதிப்பில் இருபத்தோராயிரம் ரூபாய். அடுத்த தள்ளுபடிவரை பொறுக்கும் பக்குவம் அன்று எனக்கு இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மனைவி மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணம் அந்த மாதம் கைக்கு வந்திருந்தது. சம்பளத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெட்டி ஒரு நண்பரின் பயணப்பையில் வந்தது. அதை இரண்டு வாரம் அலுவலக மேசையின் அடியில் வைத்திருந்துவிட்டு, வீட்டில் யாருமில்லாத ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து பழைய தகடுகளுக்குப் பின்னால் செருகினேன்.

தூசு தட்டும்போது அவள் கண்ணில் பட்டது. விலையைக் கேட்டாள், சொன்னேன். சீட்டுப் பணமா என்று கேட்டாள், ஆமென்றேன். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"முப்பத்தொன்பது படமா? சரி, இதையெல்லாம் எப்பப் பாக்கப்போறீங்க?"

இத்தனை ஆண்டுகளில் எங்கிருந்து காசு என்று என்னிடம் கேட்ட எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. அந்த வாரம் உட்கார்ந்து எண்ணினேன். என்னிடமிருந்த தகடுகளில் ஏறத்தாழ நானூறு, உறை பிரிக்கப்படாதவை. பிரித்தவற்றிலும் கணிசமானவற்றைப் பாதிக்குமேல் பார்த்த ஞாபகமில்லை. என் குடும்பம் எனக்குப் படம் வாங்கித் தந்திருக்கவில்லை, நானூறு கண்ணாடித்தாள்களை வாங்கித் தந்திருக்கிறது.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல. மனைவியின் நகையை அடகு வைத்து இதழ் நடத்தினார் என்ற வாக்கியம் நம் இலக்கிய வரலாற்றில் பாராட்டுரையாகவே வழங்கி வருகிறது. அஞ்சலிக் கூட்டங்களில் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் அடகு வைத்தாரா, நகை பிறகு மீட்கப்பட்டதா என்று எந்த அஞ்சலிக் கட்டுரையும் கேட்டதில்லை. இருந்தாலும் அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நகை முந்நூறு பேர் கையில் தாளாக மாறிப் போய்ச் சேர்ந்தது. சி.சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுர நூல்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனாரென்றால் அது சேர்ப்பதற்காக அல்ல, கொடுப்பதற்காக. சேகரிப்பாளன் அதே தியாகத்தின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு நேர் எதிரான வேலையைச் செய்கிறான். பிறர் பணத்தில் வந்தது அவனோடு நின்றுவிடுகிறது.

ஆகவே 'எப்படிக் கட்டுப்படியாகிறது' என்ற கேள்விக்கு என் விடை எளியது. கட்டுப்படியாவதில்லை. யாரோ கட்டுகிறார்கள். தள்ளிப்போடப்பட்ட ஒரு பல் சிகிச்சை, போகாத ஒரு சுற்றுலா, ஓர் அறை குறைந்த வீடு, விடுமுறை நாளில் பேசாத ஒரு தகப்பன் என்று அது வேறு தலைப்புகளில் எழுதப்பட்டிருக்கும். இந்தத் தொகையில் பெரும்பகுதியைப் பெண்கள் கட்டுகிறார்கள். சேகரிப்பின் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை.

*

இரண்டு எதிர்ப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, கவிஞரின் கட்சி. எல்லாமே இணையத்தில் கிடைக்கும்போது வாங்குவானேன்? இது படம் பார்க்காதவர்கள் சொல்வது. மாதச் சந்தா கட்டும் தளங்களில் பழைய படங்கள் விருந்தாளிகள். உரிமம் முடிந்ததும் சொல்லாமல் போய்விடுகின்றன. யூடியூபில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களில் பலவற்றின் மூலையில் ஏதோ ஒரு தொலைக்காட்சியின் முத்திரை, தேய்ந்த ஒலி, விடுபட்ட பாடல். பணம் கொடுத்து 'வாங்கினால்' மட்டும் நமதாகிவிடுகிறதா? 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கடையில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியிருந்தவர்களிடம், அவை அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பின்னரே அது நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட விற்பனை உண்மையில் உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டுவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கையிலிருக்கும் தகட்டை யாரும் இரவோடிரவாக வந்து எடுத்துப்போக முடியாது. எனவே வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. இன்று முன்னெப்போதையும்விட அது அவசியம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, சட்டம். தகட்டின் முகப்பிலேயே வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்று போட்டிருக்கிறதே, ஊருக்குக் காட்டச் சொல்கிறீர்களா? மண்டபம் பிடித்துச் சீட்டு விற்கச் சொல்லவில்லை. வீட்டில் பார்ப்பதற்கு என்றுதான் போட்டிருக்கிறது. உறை பிரிக்காமல் வைப்பதற்கு என்று போடவில்லை. நண்பர்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்றும் போடவில்லை. வந்தவர் விரும்பினால் இரவல் கொண்டுபோகட்டும். இரவல் போன புத்தகம் திரும்பாது என்ற பயத்தில் நூலகத்தைப் பூட்டிவைத்தவர்களை நாம் எப்படிப் பேசுவோம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு தகட்டின் உண்மையான விலையை அறிய, கொடுத்த பணத்தை அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பதே நான் சொல்லவருவது. ஆறு பேர் பார்த்த மூவாயிரம் ரூபாய்த் தகடு ஐந்நூறு ரூபாய். 34 ரூபாய்க்கு வாங்கி ஒருவரும் பார்க்காத தகட்டுக்கு விலையே கிடையாது. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சேகரிப்பாளன் செத்தபின் நடப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ரோஜா முத்தையா செட்டியார் 1992இல் காலமானபின் அவருடைய சேகரிப்பை சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சென்னையில் இன்று ஒரு நூலகம் இருக்கிறது. அது விதிவிலக்கு. விதி எதுவென்று பழைய பேப்பர்க் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். யாருக்குப் போக வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்காத சேகரிப்பு, வெள்ளிக்காக எடைக்குப் போன சுருள்களின் வரிசையில் தன் முறைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். தயாரிப்பாளரைத் திட்ட அப்போது நமக்கு வாயிருக்காது.

அந்தப் பெர்க்மன் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படங்களைக் கால வரிசையில் அடுக்காமல், தொடக்க இரவு, நிறைவு இரவு என்று ஒரு திரைப்பட விழாவைப் போல அமைத்திருக்கிறார்கள். விழா என்றால் ஆட்கள் வர வேண்டும். அதை வாங்கிய எனக்கு அது உறைக்கவில்லை. 2019 பொங்கல் விடுமுறையில் கண்ணாடித்தாளைப் பிரித்தது மனைவிதான். முதலில் எதைப் போடுவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு 'ஒரு திருமணத்தின் காட்சிகள்' என்பதில் விரல் வைத்தாள். இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தோம். நல்லாத்தான் இருக்கு, ஆனா சீட்டுப் பணம் சீட்டுப் பணம்தான் என்றாள். பதினான்கு மாதத் தவணையில் திருப்பிக் கட்டினேன். அன்றிலிருந்து மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை எங்கள் கூடத்தில் படம் போடுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோய் மறுபடி தொடங்கியது. ஏழெட்டுப் பேர் வருவார்கள். மழை பெய்தால் மூவர். புதிய தகடு வாங்குவதென்றால், அதை எந்த ஞாயிற்றுக்கிழமை போடப்போகிறோம் என்று வீட்டில் சொன்ன பிறகே வாங்குவது என்று ஒப்பந்தம். வாங்குவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

பெட்டியில் இதுவரை பதினேழு படங்கள் பார்த்தாயிற்று. இருபத்திரண்டு பாக்கி. அந்தக் கவிஞரையும் சேகரிப்பாள நண்பரையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்திருக்கிறேன்.